நினைப்பும் மறப்பும்

சிவமயம்



வில்லியனூரில் எழுந்தருளியிருக்கும் கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரப் பெருமானின் தேர்த்திருவிழாவை அறியாதார் இப்பகுதியில் இலர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் அவர்தம் ஆளுநரும் வந்து வடம் தொட்ட மரபு, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்து இழுக்கும் வழக்கமாகத் தொடர்கின்றது. நாடாள்வோரும் நாற்று நடுவோரும் ஒரே வடத்தைப் பற்றி நிற்கும் அத்தகைய தேர்நாள் ஒன்றில் அடியேன் கண்ட காட்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தேர் மாடவீதியில் திரும்பிக்கொண்டிருந்தது. வாகூர்ப் பக்கத்து உழவர் ஒருவர், எண்பது வயதைக் கடந்த தம் அன்னையாரைத் தோளோடு அணைத்து நிறுத்தியிருந்தார். "அம்மா, சாமி வருது, கும்பிடும்மா" என்றார். மூதாட்டியார் தேரைப் பார்த்தார். பிறகு மகன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நீ யார் பெத்த புள்ளை?" என்று வினவினார். பெற்ற தாயே தம்மை அவ்வாறு வினவக் கேட்ட மகன் விடை கூறவில்லை. அப்போது குருக்கள் திருநீற்றுத் தட்டை நீட்டினார். மகன் எதுவும் சொல்லுமுன்னே அம்மூதாட்டியார் வலக்கையை இடக்கையால் தாங்கி ஏந்தித் திருநீறு பெற்று, சிறிது அண்ணாந்து, மூன்று விரலால் நெற்றியில் பூசிக்கொண்டார். ஒரு துகளும் நிலத்தில் சிந்தவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவர் அடியேனிடம் வந்தார். "ஐயா, நாற்பது வருஷமா இந்தத் தேருக்கு வராம இருந்ததில்லை. இப்போ சாமி பேரும் தெரியலை, என்னையும் தெரியலை. அம்மா கும்பிட்டதெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார். அன்று அடியேன் கூறிய ஆறுதல் போதுமானதன்று என்பதை அவர் முகமே காட்டிற்று. அவருக்கு அன்று கூறியிருக்க வேண்டிய விடையை நம் சித்தாந்த நூல்களின் வழிநின்று இங்கு விளக்க முயல்கின்றேன். மனம் என்பது யாது, அது எவ்வாறு காண்கின்றது, எவ்வாறு நினைக்கின்றது என்பவற்றை அறிந்தாலன்றி, மறத்தல் என்பது யாது என்பது விளங்காது.

கண்டது கண்ணா?

தேர்நாளன்று சங்கராபரணி ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து வரும் ஓர் அடியவரை எண்ணிப் பாருங்கள். தோப்புக்கு அப்பால் உயரமாக ஏதோ ஒன்று தெரிகின்றது. கண்ணுக்கு எட்டியவை ஒரு நிறமும் ஒரு வடிவும் மட்டுமே. 'ஏதோ ஒன்று உளது' என்ற அளவில் நிற்கும் இவ்வறிவை அளவை நூலார் நிருவிகற்பக் காட்சி என்பர். அதன்மேல் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்ற ஐந்தும் கூடி, 'இது இன்னது' என்று தெளிதலே சவிகற்பக் காட்சி.

இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வது என்ன? அங்கேதான் அந்தக்கரணங்கள் நான்கும் தொழிற்படுகின்றன. கண் தந்ததை மனம் பற்றுகின்றது. 'பனையோ, கோபுரமோ, தேரோ' என்று ஐயுறுகின்றது. சித்தம் அதனைச் சிந்திக்கின்றது. முன்பு கண்ட தேர்களை எல்லாம் எதிரே கொணர்கின்றது. அகங்காரம், 'இதனை நான் அறிவேன்' என்று எழுகின்றது. புத்தி, 'இது திருக்காமீசுவரர் தேரே' என்று துணிகின்றது. இமைப்பொழுதில் இவ்வளவும் நிகழ்ந்து விடுவதால், கண்டது கண்தான் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

கண் மட்டும் காணுமாயின், மேளமும் வேட்டும் முழங்கும் வீதியில் தேர்க்கலசத்திலேயே மனம் பதிந்து நிற்பவர், பக்கத்தில் நின்றவர் தம் பெயர் சொல்லி அழைத்ததைக் கேளாதிருப்பது ஏன்? அவர் செவி அடைபடவில்லை. மனம் செவியோடு கூடவில்லை. அந்தி மங்கலில் வரப்பில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று அஞ்சி விலகுவது ஏன்? கண் தந்தது வளைந்த ஒரு வடிவம். பாம்பைத் தந்தது உள்ளே இருக்கும் கருவி. இதனையே நம் நூல்கள் திரிவுக் காட்சி எனக் கூறின.

இன்றைய உடலியலும் இதற்கு மாறாகக் கூறவில்லை. கண்ணின் உட்புறத்தே, பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில், ஒளியை உணரும் ஆற்றல் சிறிதும் இல்லை. அதனால் நம் ஒவ்வொரு கண்ணின் பார்வையிலும் ஒரு வெற்றிடம் இருத்தல் வேண்டும். ஆயினும் உலகில் ஓர் ஓட்டை இருப்பதாக நாம் ஒருபோதும் காண்பதில்லை. கண் கொடாததை உள்ளே ஒன்று இட்டு நிரப்பி விடுகின்றது.

அரசனும் அமைச்சரும்

அங்ஙனமாயின், அந்தக்கரணங்களே அறிபவையா? இவ்வினாவுக்கு விடை கூறியவர் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவர். வாகூர்க் கொம்யூனின் தென்புறத்தே ஓடிக் கடலில் கலக்கும் தென்பெண்ணையாற்றின் கரையிலேயே, மேற்கே உள்ளது அத்திருத்தலம். 13ஆம் நூற்றாண்டில் அவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. எனினும் மனித அறிவின் இயல்பை அது ஆராய்ந்த அளவுக்கு நுணுகி ஆராய்ந்த நூல்கள் மிகச் சிலவே.

உயிர் வேறு, கருவி வேறு என்பதற்கு மூன்றாம் சூத்திரம் பல காரணங்களைக் காட்டுகின்றது. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். 'என் வீடு' என்பவன் வீட்டின் வேறானவன். அவ்வாறே 'என் கை', 'என் உடம்பு', 'என் மனம்' என்பவனும் அவற்றின் வேறானவனே. இஃது ஒன்று. ஐம்பொறிகளுள் ஒன்று அறிந்ததை மற்றொன்று அறியாது. தேரைக் கண்ட கண் மேளத்தைக் கேளாது. மேளத்தைக் கேட்ட செவி சாம்பிராணியை முகராது. அதனை முகர்ந்த மூக்கு வடத்தின் சொரசொரப்பை உணராது. வடம் பற்றிய கை பானகத்தின் சுவையை அறியாது. ஆயினும் 'கண்டேன், கேட்டேன், முகர்ந்தேன், தொட்டேன், சுவைத்தேன். இவ்வளவும் ஒரு திருவிழா' என்று ஐந்தையும் ஒன்றாகத் திரட்டிக் கூறுபவன் ஒருவன் உளன். அவனே உயிர். இஃது இரண்டாவது.

நான்காம் சூத்திரம் உயிரை அரசனாகவும் அந்தக்கரணங்களை அமைச்சராகவும் வைத்து உவமிக்கின்றது. அமைச்சர் செய்தி கொணர்வர், ஆராய்வர், முடிபு கூறுவர். ஆனால் அமைச்சர் அரசனாகார். ஐம்பூதம் முதல் நாதம் ஈறாக 36 தத்துவங்களும் மாயையின் காரியங்கள், தமக்கென அறிவில்லாதவை. நாம் இன்று மூளை என்று குறிக்கும் உறுப்பும் உடம்பின் பகுதியே ஆதலின், அதுவும் மாயையின் காரியமே.

ஆனால் சித்தாந்தம் இங்கே ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. அரசன் அமைச்சரின் வேறானவன் என்பதனால், அமைச்சரின்றியே ஆள வல்லவன் என்று கொள்ளலாகாது. அநாதியே ஆணவ மலத்தால் மறைக்கப்பட்ட உயிர், கருவிகளோடு கூடினாலன்றி ஒன்றையும் அறிய மாட்டாது. ஆணவம் இருள், மாயையின் காரியமாகிய உடம்பும் கரணங்களும் அவ்விருளில் ஏற்றிய கைவிளக்கு. இவ்விளக்குவமையை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் எடுத்தாண்டுள்ளார்.

நினைவு எவ்வாறு எழுகின்றது?

நினைவைப் பெட்டியில் வைத்த பொருள் போலப் பலர் கருதுகின்றனர். வைத்ததை வைத்தபடியே எடுப்பதுதான் நினைத்தல் என்பது அவர்தம் எண்ணம். சிறிது ஆராய்ந்தால் அது பொருந்தாமை விளங்கும். உடன்பிறந்தார் இருவர் சிறுவயதில் ஒரே தேரைக் கண்டனர். மூத்தவருக்கு நினைவிருப்பது, சக்கரம் மண்ணில் புதைய முட்டுக்கட்டை போட்டவர்கள் பட்ட பாடு. இளையவருக்கு நினைவிருப்பது, அன்று பெய்த மழையும் தந்தையார் தோளில் ஏறிக் கண்ட காட்சியும். கண்ட பொருள் ஒன்றே, நினைவுகளோ இரண்டு.

இவ்வேறுபாடு எதனால்? உயிரின் அறிவைச் சிறிது விளக்கும் வித்தையும், செயலாற்றலைச் சிறிது எழுப்பும் கலையும் எல்லார்க்கும் பொதுவாக நிற்ப, அராகம் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொன்றில் விருப்பை எழுப்புகின்றது. நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுக்கின்றது. காலம் அதனைச் சென்றது, நிகழ்வது, வருவது எனப் பகுக்கின்றது. விருப்பின் வழியே சித்தம் சிந்திப்பதால், நினைவிலும் விருப்பின் சாயல் படிகின்றது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட் என்னும் உளநூல் அறிஞர், நினைவைப் பற்றிய தம் ஆய்வுகளை 1932இல் நூலாக வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றைத் தம் நாட்டவர்க்குப் படிக்கக் கொடுத்து, பின்னர்ப் பலமுறை அதனைத் திரும்பக் கூறச் செய்தார். கூறக் கூறக் கதை சுருங்கிற்று. அவர்க்குப் பழக்கமில்லாத செய்திகள் மறைந்தன, அல்லது பழகிய பொருள்களாக மாறின. பொய் கூற வேண்டும் என்று எவரும் கருதவில்லை. தமக்குப் பொருள்படும் வகையில் அவர்கள் அதனை மீளக் கட்டினர்.

இதற்கு நம் தேரே நல்ல உவமை. சிற்பங்கள் செதுக்கிய மரத்தாலாகிய அடிப்பாகம் ஆண்டு முழுவதும் தேர்நிலையில் நிற்கின்றது. அதன்மேல் ஓங்கி நிற்கும் கட்டுமானமோ ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுவது. சாரம் கட்டி, தேர்ச்சீலை போர்த்தி, தொம்பை தொங்கவிட்டு, வாழையும் தோரணமும் சேர்த்துக் கலசம் ஏற்றுகின்றனர். சென்ற ஆண்டுத் தேரும் இவ்வாண்டுத் தேரும் ஒன்றே என்கின்றோம். அடிப்பாகத்தால் அஃது உண்மையே. கட்டுமானத்தால் ஒவ்வோர் ஆண்டும் அது புதிது. நினைவும் அவ்வாறே. அனுபவத்தின் அடிப்பாகம் சித்தத்தில் கிடக்க, நினைக்குந்தோறும் அதன்மேல் ஒரு தேர் புதிதாகக் கட்டப்படுகின்றது.

நாள்தோறும் நாம் மறக்கின்றோம்

இனி மறத்தலை நோக்குவோம். மறதியை முதுமையில் வரும் அரிய நோய் என்று அஞ்சும் நாம், நாள்தோறும் முழுமையாக மறந்து மீள்கின்றோம் என்பதை எண்ணுவதில்லை.

நனவில் உயிர் 35 கருவிகளோடு கூடி நிற்கின்றது. ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து, ஓசை முதலிய புலன்கள் ஐந்து, வசனம் முதலிய தொழில்கள் ஐந்து, வாயுக்கள் பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று. கனவில் ஞானேந்திரியமும் கன்மேந்திரியமும் ஆகிய பத்தும் கழல, எஞ்சுவன 25. உறக்கத்தில் சித்தமும் பிராணனும் புருடனும் ஆக 3 மட்டுமே. துரியத்தில் சித்தமும் கழன்று பிராணனும் புருடனும் ஆகிய 2. துரியாதீதத்தில் புருடன் ஒன்றே.

அயர்ந்து உறங்கும்போது மகனை அறிவார் யார்? தம் பெயரை அறிவார் யார்? வழிபடும் தெய்வத்தின் திருநாமத்தை நினைப்பார் யார்? ஒருவரும் இலர். அரசனின் கொலு மண்டபத்தில் அமைச்சரெல்லாம் எழுந்து சென்று விட்டனர். அதனால் அரசன் இறந்துபட்டான் என்று எவரும் கூறுவதில்லை. காலையில் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து கூட, 'நன்றாக உறங்கினேன்' என்று அவனே எழுகின்றான். கருவிகள் தாமே வந்து கூடினவா? அவை அறிவற்றவை. உயிர் தானே அவற்றை அழைத்துக் கொண்டதா? கருவியின்றி அதற்கு அறிவு விளங்காது. இரண்டையும் கூட்டி எழுப்பியவன் ஒருவன் உளன். காந்தத்தின் முன்னிலையில் இரும்பு அசைவது போல, அவன் முன்னிலையிலேயே உயிர் அறிகின்றது என்பது ஐந்தாம் சூத்திரத்தின் கருத்து. கண்ணை இயக்கும் உயிரைக் கண் அறியாது. உயிரை இயக்கும் சிவனை உயிரும் அறியாது. அறியாவிடினும் அந்த இயக்கம் நிற்பதில்லை.

ஒரு மருத்துவச் செய்தி

அமெரிக்க நாட்டில் ஹென்றி மோலைசன் என்பவர்க்கு வலிப்பு நோய் கடுமையாக இருந்தது. 1953இல், அவருடைய 27ஆம் வயதில், அறுவை மருத்துவம் செய்து மூளையின் இருபுறத்தும் உட்பகுதிகள் சிலவற்றை நீக்கினர். கடற்குதிரை வடிவினதாகிய சிறு உறுப்பின் பெரும்பகுதியும் அவற்றுள் அடங்கும். வலிப்புத் தணிந்தது. ஆனால் அன்று தொட்டு, 2008இல் மறையும் வரை, புதிய நிகழ்ச்சி எதனையும் அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. சற்று முன் பேசியவரையும் புதியவராகவே வரவேற்றார்.

அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தின்மேல் கோடு வரையும் பயிற்சியை அவர்க்குத் தந்தார். மூன்று நாட்களில் அவர் கை நன்கு தேர்ந்தது. ஆயினும் அப்பயிற்சியை முன்பு செய்ததாகவே அவர் நினைவுகூரவில்லை. நிகழ்ச்சியை நினைக்கும் கருவி ஒன்று, கைப்பழக்கத்தைக் காக்கும் கருவி மற்றொன்று என்பதை இது தெளிவாக்கிற்று. வில்லியனூரில் மகனை மறந்த மூதாட்டியார் திருநீற்றைச் சிந்தாமல் அணிந்ததும் இவ்வகையதே. ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906இல் எடுத்துரைத்த நோயும், அதனைப் போன்ற பிற மறதி நோய்களும் நினைவுக் கருவியைச் சிறிது சிறிதாகச் சிதைப்பவை. ஆயினும் பலரிடத்தில் நெடுநாட் பழக்கங்களும் இளமையில் கேட்ட இசையும் நெடிது நிற்கக் காண்கின்றோம்.

ஓர் ஐயம்

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. 'கருவிகள் கழல்வதுதானே ஞானம்? அவ்வாறாயின் மறதி நோயும் ஒருவகை முத்தி நிலைதானோ?' என்று சிலர் கேட்கலாம். அன்று. கருவிகள் கழலும் நிலை இருவகைப்படும். இருளில் கழல்வது கேவலம். அருளில் கழல்வது சுத்தம். நோயால் நினைவு அழிதல் விளக்கின் ஒளி குன்றுதல் போன்றது. அதனைப் பேரின்பம் என்று புகழ்வது, அருகிலிருந்து பேணுவோர் படும் துயரை எள்ளுவதாகும். சித்தாந்தம் அவ்வாறு பொய்யாறுதல் கூறாது.

பின் எதனைக் கூறுகின்றது? விளக்கு அணைந்தால் சூரியன் அணைந்ததாகாது என்கின்றது. கேவலத்தின் காரிருளிலும் இறைவன் திரோதான சத்தியாய் மறைந்து உயிரோடு உடனாய் நிற்கின்றான். முதன்முதல் நமக்கு விளக்கு ஏற்றியவன் அவன். ஏற்றும்படி கேட்கவும் அன்று நமக்கு அறிவில்லை. நம் நினைப்பால் தொடங்காத ஓர் உறவு நம் மறப்பால் முடிந்து விடாது.

'கும்பிட்டதெல்லாம் எங்கே போச்சு?' என்ற வினாவுக்கும் விடை உண்டு. செய்த வினை தானே வந்து உயிரைப் பொருந்தாது, அஃது அறிவற்றது. உயிரும் அதனை அறிந்து எடுத்துக்கொள்ளாது. இறைவனே அறிந்து கூட்டுகின்றான் என்பது இரண்டாம் சூத்திரத்தால் பெறப்படும் உண்மை. முற்பிறப்பில் செய்தவற்றுள் ஒன்றேனும் நம் நினைவில் உண்டா? இல்லை, ஆயினும் பயன் தப்பாமல் வந்து சேர்கின்றது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? அன்னை ஊட்டிய முதற்பாலை நினைவில் வைத்திருப்பவர் நம்முள் யார்? நினைவில் இல்லாத அந்தப் பாலால் வளர்ந்த உடம்பே இன்று தேர்வடம் பிடிக்கின்றது. சிவபுண்ணியமும் அத்தகையது. அது நினைவில் எழுதி வைத்த கணக்கன்று.

வாகூரும் வெண்ணெய்நல்லூரும்

மனிதர் மறப்பது போலவே ஊரும் மறக்கும். மூலநாதர் எழுந்தருளியுள்ள வாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டில் வித்யாஸ்தானம் என்னும் பெருங்கல்விச்சாலை ஒன்று விளங்கிற்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் அதற்கு அறமாக அளிக்கப்பட்டன. ஆசிரியர் ஓத மாணவர் கேட்டு நெஞ்சில் நிறுத்துவதே கல்வியாக இருந்த காலம் அது. அத்துணை நினைவாற்றலை வளர்த்த அக்கல்விச்சாலையே காலப்போக்கில் மறைந்தது. அது பற்றி நமக்கு இன்று எடுத்துரைப்பது வாகூர்ச் செப்பேடு. 19ஆம் நூற்றாண்டில் அது வெளிப்பட்டு அறிஞரால் படிக்கப்பட்டது. மண்ணில் வாழ்ந்தோர் மறந்ததைச் செப்பேடு மறவாமல் வைத்திருந்தது.

இதே பெண்ணையாற்றுப் பகுதியில், திருவெண்ணெய்நல்லூரில், மறதியைப் பற்றிய வழக்கொன்று முன்பு நடந்தது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அதனை விரித்துரைத்துள்ளார். திருநாவலூரில் பிறந்த நம்பியாரூரர்க்குப் புத்தூரில் திருமணம். மணப்பந்தரில் முதிய வேதியர் ஒருவர் தோன்றி, 'இவன் எனக்கு அடிமை' என்றார். ஆரூரர் நகைத்தார், 'நீர் பித்தரோ?' என்று இகழ்ந்தார். அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவரோ சிறிதும் கலங்கவில்லை. 'கிழித்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் என்னிடம் உள்ளது' என்றார்.

அவையோர் கூடினர். மூல ஓலை படிக்கப்பட்டது. ஆரூரரின் பாட்டனார் தாமும் தம் மரபினரும் வழிவழியாக அடிமை செய்வோம் என்று எழுதிக் கொடுத்த ஓலை அது. கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கினர், ஒத்திருந்தது. ஆரூரர் தோற்றார். 'உம் வீடு எங்கே?' என்று வினவியவர்களை அழைத்துச் சென்ற முதியவர் திருவருட்டுறைத் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார். பின்னர்த் தம்மைக் காட்டி, கயிலையில் ஆரூரர் தமக்குத் தொண்டராக இருந்ததையும், அவரைத் தடுத்தாட்கொண்டதையும் உணர்த்தினார். வைத சொல்லாகிய 'பித்தன்' என்பதனையே முதலாக வைத்துப் பாடுமாறு பணித்தார்.

அன்பர்களே, இவ்வரலாற்றில் ஒன்றைக் கருத்தூன்றி நோக்குங்கள். கயிலையில் பெற்ற தொடர்பை ஆரூரர் முற்றிலும் மறந்து விட்டார். நினைவூட்டியபோதும் அவர்க்கு நினைவு வரவில்லை; மறுத்தார்; இகழ்ந்தார்; சான்றையும் கிழித்தார். அதனால் அவர் அடிமை இல்லாமற் போனாரா? நம் மனத்தில் இருப்பது படியோலை மட்டுமே. அது மங்கலாம், கரையான் அரிக்கலாம், நோய் கிழிக்கலாம். மூல ஓலை ஆண்டவனிடத்தில் உள்ளது. நினைப்பும் மறப்பும் உயிர்க்கு உரியன. மறப்பவனுக்கே மீண்டும் நினைத்தல் வேண்டும். மறப்பே இல்லாத இறைவனுக்கு நினைத்தலும் வேண்டுவதில்லை. அவன் எப்பொழுதும் அறிந்தே நிற்கின்றான்.

நாம் செய்யத்தக்கவை

மூல ஓலை அவனிடம் இருப்பதனால் நாம் வாளாவிருக்கலாம் என்று பொருள் கொள்ளலாகாது. இத்தகைய முதியோர் உள்ள இல்லத்தார் முதலில் மருத்துவரை அணுகுதல் வேண்டும். மறதிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சில மருந்தால் தீர்வன. 'வினைப்பயன்' என்று அவர் எதிரே சுட்டிப் பேசுதல் அடியார்க்கு அழகன்று. உடம்பின் ஓர் உறுப்பு நோயுற்றது. கால் நொந்தவர்க்கு நாம் தோள் கொடுப்பதில்லையா?

'என்னைத் தெரிகிறதா? என் பெயர் என்ன?' என்று ஓயாது சோதித்தல் அவர்க்கு அச்சத்தையே விளைக்கும். மாறாக, 'அம்மா, நான் உன் மகன்' என்று நாமே கூறி விடலாம். எத்தனை முறையாயினும் சலிப்பின்றிக் கூறலாம். காலையும் மாலையும் அவர் கையில் திருநீற்றை வைக்கலாம்; கருவிகளுள் எது எஞ்சி நிற்கின்றதோ அது அதனை ஏற்கும். இளமையில் அவர் கேட்டுப் பழகிய தேவாரப் பண்களை மெல்லப் பாடலாம். திருவைந்தெழுத்தை அவர் செவியருகே ஓதலாம். அவரால் நினைக்க இயலாத நாளில் அவர்க்காக நாம் நினைத்தலும் வழிபாடே. கண்ணுக்கு உயிர் காட்டுவது போல உயிர்க்கு இறைவன் காட்டுகின்றான் என்கின்றது பதினோராம் சூத்திரம். காட்டும் அப்பணியில் ஒரு சிறு பங்கு இவ்வாறு மகனுக்கும் மகளுக்கும் கிடைக்கின்றது.

கருவிகள் நன்றாக இருக்கும் நம் போன்றோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. ஆதலின் விளக்கு எரியும் போதே நல்லதைச் சார்தல் வேண்டும். கை பழகட்டும், நா பழகட்டும், செவி பழகட்டும்.

திருவிழா முடிந்தபின் தேர்ச்சீலையை அவிழ்த்து விடுவர். தொம்பையும் தோரணமும் இறங்கி விடும். வெறுந்தேரைக் காணும் சிறு பிள்ளை, 'சாமி எங்கே?' என்று அழும். அதன் தாய் அதனை இடுப்பில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் சென்று, மூலத்தானத்தைக் காட்டுவாள். தேரில் உலா வந்தவர் அங்கே என்றும் இருக்கின்றார். அன்று அவ்வுழவர்க்கு அடியேன் இதனைக் கூறியிருக்க வேண்டும். அவர் அன்னையாரின் தேர் கட்டுக் குலைந்தது, மூலத்தானம் குலையவில்லை.

'நீ யார் பெத்த புள்ளை?' என்று அத்தாய் வினவினார். அடுத்த தேருக்கும் அவர் அவ்வாறே வினவக்கூடும். அப்போது மகன் கண் கலங்க வேண்டுவதில்லை. 'உன் பிள்ளைதான் அம்மா. நாம் இருவரும் அம்மையப்பர் பிள்ளைகள்' என்று கூறி, அவர் கையை வடத்தின்மேல் எடுத்து வைக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.